திங்கள்சந்தை வழியாக முன்னூறு சைக்கிள்

உடுப்பு அவரவர் விருப்பம் என்று
நோட்டீசில் அச்சடித்திருந்தார்கள்.
அந்த ஒரு வரிக்காகத்தான்
ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இவ்வளவு கூட்டம்.
முதல் பூசைக்குப் போக வேண்டியவர்கள்கூட
முக்காட்டோடு வந்து
ரவுண்டானா ஓரம் நின்றார்கள்.

நானும்தான் நின்றேன்,
இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து.
இருபத்திரண்டு வருசம் ஜாக்கெட் தைக்கிறவளுக்குத்
துணிக்கு அடியில் என்ன இருக்கிறதென்று
யாரும் காட்டித்தர வேண்டாம்.
ஆனாலும் நின்றேன்.

நாகர்கோவிலில் புறப்படும்போதே
சப்-இன்ஸ்பெக்டர் அந்த விருப்பத்துக்குக் கோடு போட்டுவிட்டாராம்:
இடுப்புக்குக் கீழே அரசாங்கம்,
மேலே அவரவர்.
பெண்களுக்கு அதுவும் இல்லை.
"திருவட்டாறு கோயில்ல
சட்டையக் கழத்தினாத்தான் உள்ள விடுவான்,
இஞ்ச போட்டாத்தான் றோட்டுல விடுவானாம்"
சாயா ஆற்றிக்கொண்டே சிரித்தார் வறுவேல்.
அவர் மேலும் ஒரு தோர்த்துதான் கிடந்தது.

வந்தார்கள்.
பெங்களூர்த் தொப்பைகள்.
முதுகில் திமிங்கலம் வரைந்த ஒரு கொச்சிப் பையன்.
தாடிக்கு மட்டும் பச்சை பூசிய வெள்ளைக்காரர்.
வெயில் படாத தோள்கள்,
அவித்து உரித்த பனங்கிழங்கு மாதிரி.
"சவம், இதுக்கா எழும்பி வந்தோம்"
என்று ஒருவன் போனை இறக்கினான்.
ரப்பர் வெட்டுகிறவனும் கரமடி இழுக்கிறவனும்
தினமும் இதைவிடக் குறைவாகத்தான் உடுக்கிறார்கள்.
அவர்களைப் பார்க்க
யாரும் ரவுண்டானாவில் நிற்பதில்லை.

பிறகு பெண்கள் வந்தார்கள், கையில்லாத பனியனில்.
இறங்கிய போன் மறுபடி ஏறியது.

மேல்சீலைக்காக அடிபட்ட மண் இது.
சந்தைக்குள் வைத்துக் குப்பாயத்தைக் கிழித்தார்கள் என்று
பள்ளிக்கூடத்தில் படித்தபோது
கிழித்தவனை நினைத்துத்தான் கோபம் வந்தது.
இன்றைக்குத்தான் தோன்றியது:
கிழித்தவர் நாலு பேர் இருந்திருப்பார்கள்,
சுற்றி நின்று பார்த்தவர் எத்தனை பேரோ.
டேப்பைக் கழற்றிச் சுருட்டி
மணிபர்சுக்குள் வைத்தேன்.

அப்போதுதான் றெக்சலின் டீச்சர் வந்தாள்.
எல்லாரையும்விட நிறைய உடுத்தியிருந்தாள்.
முழுக்கால் பேன்ட்,
கழுத்துவரை மூடிய விளையாட்டு விழா டீ-ஷர்ட்.

போன வருசத்துக்கு முந்தின வருசம்
ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டு
"இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் பஞ்சு வைக்கணும்க்கா"
என்றவள்.
பஞ்சு போதவில்லை, கனமில்லாமல் மேலே ஏறுகிறது என்றாள்.
கடுகு கலந்து சின்னத் தலையணை ஒன்று தைத்தேன்.
எடை சரிபார்க்கப் பக்கத்துத் தங்கக் கடைக்குப் போனேன்,
எதற்கென்று சொல்லவில்லை.
அதற்குப் பிறகு பதினோரு ஜாக்கெட்.
அளவு நோட்டில் அவள் பக்கத்தில்
இடது என்று எழுதி ஒரு புள்ளி வைத்திருப்பேன்.
அவ்வளவுதான்.

முட்டத்துப் பக்கமிருந்து வந்த காற்று
டீ-ஷர்ட்டை நெஞ்சோடு அறைந்தது.
வலப்பக்கம் ஒரு மேடு.
இடப்பக்கம்
துணி போய் எலும்பில் ஒட்டியது.

யாரும் பார்க்கவில்லை.
போன்காரன் அவளைத் தாண்டி
அடுத்த பனியனுக்குப் போய்விட்டான்.
முன்னூறு பேரில் அவள் மட்டும்தான்
எதையோ வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

என்னைப் பார்த்துவிட்டாள்.
நான் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம்.
கை தானாகத் தூக்கிவிட்டது.
ஒரு தடவை மணி அடித்தாள்,
வழிவிடச் சொல்லி அடிப்பது போலத்தான்.
பிறகு குளச்சல் றோட்டு இறக்கத்தில்
பெடலை விட்டுவிட்டுப் போனாள்.

கடையில் அவளுடைய ரெண்டு ஜாக்கெட் கிடக்கிறது.
ஹூக் வைத்தாயிற்று, இஸ்திரியும் போட்டாயிற்று.
இடப்பக்கம் இன்னும் தைக்கவில்லை.
போன் பண்ணி இதை எப்படிக் கேட்பது?
வேண்டுமா என்றாலும் தப்பு,
வேண்டாமா என்றாலும் தப்பு.

கடுகு ஒரு கிண்ணத்தில் அளந்து வைத்தபடி இருந்தது,
மூன்று நாளாக.
நேற்று ராத்திரி வீட்டில் கடுகு தீர்ந்துபோக,
அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து
மரச்சீனிக்குத் தாளித்தேன்.
நன்றாகவே வெடித்தது.